கணக்கில் வராத நான்கு மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பல்லடம் வட்டாரத்தில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில், முன்னாள் மாணவர் என்ற முறையில் 2024ஆம் ஆண்டு முதல் உறுப்பினராக இருக்கிறேன். கிளை அஞ்சலகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் பேத்தி அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். தொடக்கப் பள்ளிகளின் கல்வித் தரம் குறித்துத் தங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளையும் கடிதங்களையும் தவறாமல் படித்து வருகிறேன். குழந்தைக்கு வாசிக்கத் தெரிகிறதா, கழித்தல் கணக்குப் போடத் தெரிகிறதா என்ற கேள்வியோடு அவற்றில் பெரும்பாலானவை நின்றுவிடுகின்றன. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வாசிக்கத் திணறும் குழந்தை முந்தைய இரவு எத்தனை மணிக்குத் தூங்கியது, பள்ளி விட்டதும் யாரிடம் போய்ச் சேர்ந்தது, அதன் பிறகு அதனிடம் யாராவது பேசினார்களா என்று கேட்காமல் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது என்பதை இக்குழுவில் அமர்ந்த பிறகுதான் நான் உணர்ந்தேன். பள்ளியின் பெயரையும் என் பெயரையும் இங்கே தவிர்த்திருக்கிறேன். சிறிய ஊர்; பெயரைச் சொன்னால் எந்தக் குழந்தை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்புகளிலும் சேர்த்து 58 குழந்தைகள் படிக்கிறார்கள். தலைமையாசிரியருடன் சேர்த்து ஆசிரியர்கள் இருவர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் உள்ள அட்டவணை, 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்றும் 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர்கள் என்றும் வரையறுக்கிறது. இன்னும் மூன்று குழந்தைகள் சேர்ந்தால் மூன்றாவது ஆசிரியரைக் கேட்க முடியும். அதுவரை சட்டப்படி எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. காகிதத்தில் குறை இல்லாத இந்தப் பள்ளிக்குள் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

ஒன்று முதல் மூன்று வரையான வகுப்புகள் ஓர் அறையில் நடக்கின்றன. நான்கும் ஐந்தும் மற்றோர் அறையில். 2022இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அவரவர் இருக்கும் இடத்திலிருந்து கற்பிக்கச் சொல்கிறது. நல்ல திட்டம் என்றே கருதுகிறேன். எழுத்தட்டைகளும் பாட்டுகளும் கதைகளும் என் பேத்தியைப் பள்ளிக்கு விருப்பத்தோடு போக வைத்தன. ஆயினும் தமிழில் மலரில் இருக்கும் குழந்தை கணக்கில் அரும்பில் இருக்கலாம். பாடத்துக்குப் பாடம் குழுக்கள் கலைந்து வேறு விதமாகக் கூட வேண்டும். அரும்பில் தங்கிவிட்ட குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து எழுத வைத்து, அது தவறாகச் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பதுதான் அந்தத் திட்டத்தின் உயிர். மூன்று வகுப்புகளை ஒருவரே பார்க்கும் அறையில் அப்படி உட்கார ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்குச் சில நிமிடங்களுக்கு மேல் ஒதுக்க முடிவதில்லை.

அந்த ஒருவரும் எல்லா நாளும் இருப்பதில்லை. அஞ்சலகத்தில் நாளும் கணக்கெழுதிப் பழகிய கை என்னுடையது. பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும்போது அன்றைக்குப் பள்ளியில் எத்தனை ஆசிரியர்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவந்தேன். ஒரு மாதத்தின் 22 வேலை நாள்களில் 7 நாள்கள் ஒரே ஆசிரியர். ஒரு நாள் வட்டார வள மையத்தில் பயிற்சி, ஒரு நாள் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம், வாக்காளர் பட்டியல் பணி மூன்று நாள்கள், மற்றவை உடல்நலக் குறைவால் எடுத்த விடுப்பு. சட்டத்தின் 27ஆவது பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணிகளில் ஆசிரியர்களை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. ஆகவே இதிலும் சட்டமீறல் என்று சொல்ல ஒன்றுமில்லை. பத்து ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் ஒருவர் போனால் ஒரு வகுப்புதான் தடைப்படும். எங்கள் பள்ளியில் ஒருவர் போனால் பாதிப் பள்ளி நின்றுவிடுகிறது. ஆசிரியர்களை நான் குறை கூறவில்லை. இரண்டு பேருந்துகள் மாறி வரும் ஓர் ஆசிரியை, ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டே பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் கைப்பேசி வழியே விவரங்களைப் பதிவேற்றுவதையும், வலைத் தொடர்பு கிடைக்காமல் வாசலுக்கும் வகுப்புக்குமாக நடப்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். நான்காம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுவன் காலை பத்தரை மணிக்கெல்லாம் மேசையில் தலை வைத்துத் தூங்கிவிடுவான். சோம்பேறி என்று அவனுக்குப் பெயராகிவிட்டது. மற்ற குழந்தைகளும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். பெற்றோரைப் பார்த்து வரலாம் என்று ஒரு மாலை நான் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. தாயும் தகப்பனும் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். தறிக்குடோனை ஒட்டி முதலாளி கொடுத்த ஒற்றை அறையில் குடியிருக்கிறார்கள். இரவு ஷிப்ட் நடக்கும் வாரங்களில் இருவருமே தறியில் நிற்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருபது தறிகள் விடியும் வரை ஓட, இந்தப் பக்கம் அவனும் அவன் தங்கையும் தனியாகப் படுத்திருப்பார்கள். மின்சாரம் நின்று தறிச் சத்தம் சட்டென்று அடங்கினால் பயந்து எழுந்துகொள்கிறார்கள் என்று அந்தத் தாய் சொன்னார். சத்தம் இருந்தால் அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்று பொருளாம். அந்தப் பையனுக்கு வாசிப்புத் தேர்வு வைத்து மதிப்பெண் போடுவதற்கு முன்னால், அவனுக்குத் தூக்கம் எங்கிருந்து கிடைக்கும் என்று யாராவது யோசித்திருக்க வேண்டும். மாதம் ஒரு முறை கூடும் எங்கள் குழுவும் யோசிக்கவில்லை என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

நம் பகுதியின் வேலை நேரம் வெளியூரில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது. திருப்பூரைச் சுற்றியுள்ள பனியன் கம்பெனிகளில் காலை எட்டரைக்கு உள்ளே போகிறவர்கள், ஆர்டர் இருக்கும் நாள்களில் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார்கள். ஒன்றரை ஷிப்ட் என்பது எங்கள் ஊர்களில் குழந்தைகளுக்கும் தெரிந்த சொல். சிங்கர் டெய்லர், செக்கிங், கைமடி என்று எந்த வேலையாக இருந்தாலும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்தான் வாடகைக்கும் வட்டிக்கும் கட்டுப்படியாகிறது. எங்கள் பள்ளியின் 58 குழந்தைகளில் 31 பேரின் தாய், தந்தை இருவரும் கம்பெனிக்கோ தறிக்கோ போகிறவர்கள். கம்பெனி வேன் காலை ஏழே முக்காலுக்கு ஊருக்குள் வந்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் குழந்தைகள் தாயின் முகத்தைப் பார்ப்பது இரவில்தான்.

காலை நேரத்துக்கு அரசு ஒரு வழி செய்துவிட்டது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. அதற்கு முன் எங்கள் பள்ளிக்கு வந்த குழந்தைகளில் பலர் டீயும் வர்க்கியும் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். சிலர் அதுவும் இல்லாமல் மதியச் சத்துணவு மணிக்காகக் காத்திருப்பார்கள். இன்று பொங்கலும் கிச்சடியும் சாம்பாரும் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குள் போகும் குழந்தைகளின் முகம் வேறாக இருக்கிறது. நான் 1966இல் இதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். அமெரிக்காவிலிருந்து கேர் அமைப்பு அனுப்பிய கோதுமையையும் பால் பவுடரையும் வைத்து மதியம் மட்டும் கொடுப்பார்கள். அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகவே பள்ளிக்கு வந்து, வந்த இடத்தில் எழுத்தும் கற்றுக்கொண்டவர்கள் எங்கள் தலைமுறையில் ஏராளம். வயிறும் எழுத்தும் ஒரே காரியம் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பாடம் அல்ல.

அந்தப் பாடத்தை நாம் மாலை நேரத்துக்கு இன்னும் நீட்டவில்லை. எங்கள் பள்ளி மாலை 4.10க்கு விடுகிறது. பெற்றோர் வீடு திரும்புவது 8.30க்கு மேல். இடையில் நான்கு மணி இருபது நிமிடம். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட சாவியோடு ஏழு வயதுக் குழந்தைகள் லைன் வீடுகளுக்குத் திரும்புகிறார்கள். மூன்றாம் வகுப்புப் பெண் குழந்தை ஒருத்தி கேஸ் அடுப்பைப் பற்றவைத்துத் தம்பிக்குச் சோறு வடிக்கிறாள் என்பதை அவளே பெருமையாக என் பேத்தியிடம் சொல்லியிருக்கிறாள். சிலர் வீட்டில் விட்டுப் போன கைப்பேசியோடு இருட்டும் வரை உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் தெருவில் இருக்கிறார்கள். ஒரு லைனில் பத்து வீடு இருந்தால் பத்து வீட்டிலும் புதிதாக வந்து குடியேறியவர்கள். யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. என்ன நடக்கக்கூடும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. குழந்தைகள் உதவி எண் 1098 பள்ளிச் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த எண்ணை அழைக்க வேண்டிய நிலை வராமல் ஒரு குழந்தையைக் காப்பது, அழைக்கும் தூரத்தில் ஒரு பெரியவர் இருப்பதுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள்களும் 800 மணி நேரக் கற்பித்தலும் இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அதே 200 நாள்களுக்கு, நாளொன்றுக்கு நான்கு மணி இருபது நிமிடம் என்று பெருக்கினால் 866 மணி நேரம் வருகிறது. சட்டம் கட்டாயமாக்கிய கற்பித்தல் நேரத்தைவிட அதிக நேரம், எங்கள் ஊர்க் குழந்தைகளில் பாதிப்பேர் யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் இருக்கிறார்கள். ஞாயிறு, விடுமுறை நாள்களை நான் இதில் சேர்க்கவில்லை. பகலில் இரண்டு ஆசிரியர்கள் அரும்பாடுபட்டுச் சேர்த்த எழுத்துகள் இந்த நேரத்தில்தான் கரைகின்றன. வீட்டுப் பாடத்தைத் திறந்து பார்க்க ஆளில்லை; படித்ததை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லக் கேட்பவரும் இல்லை. இரவு ஒன்பது மணிக்குச் சமைத்து, பத்துக்குச் சாப்பிட்டு, பதினொன்றுக்குத் தூங்கும் குழந்தை மறுநாள் காலை வகுப்பில் கண் சொக்குவதில் வியப்பென்ன இருக்கிறது?

சட்டங்களைப் புரட்டினால் இந்த வயதுக்கும் இந்த நேரத்துக்கும் உரியவர் எவரும் இல்லை என்பது தெரிகிறது. ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் அவர்களுடைய ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டிலேயே தொழிற்சாலைகள் சட்டம் இயற்றியவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். ஆறு வயது நிறைந்ததும் குழந்தை கல்வி உரிமைச் சட்டத்தின் கைக்கு வருகிறது. அந்தக் கை மாலை மணி அடித்ததும் விலகிவிடுகிறது. ஐந்து வயதில் தொழிற்சாலைக் காப்பகத்தில் இருக்க வேண்டும் என்று கருதப்பட்ட குழந்தை, ஆறு வயதில் சாவியைத் திருப்பி வீட்டைத் திறந்துகொள்ளும் அளவுக்கு எப்படி வளர்ந்துவிடுகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

இதற்கு வழியே இல்லை என்பதும் இல்லை. பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின்கீழ், எங்கள் ஊரில் பட்டப்படிப்பு முடித்த ஒரு பெண் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெற்றுக்கொண்டு கோயில் மண்டபத்தில் மாலை நேர வகுப்பு நடத்தினார். பாடம் குறைவாகவும் கதையும் விளையாட்டும் அதிகமாகவும் இருந்தன என்று அப்போது சிலர் குறைப்பட்டார்கள். இப்போது நினைத்துப் பார்த்தால், அந்த இரண்டு மணி நேரம் குழந்தைகளுக்குக் கொடுத்தது பாடத்தைவிடப் பெரியது. அந்தப் பெண் திருமணமாகிப் போன பிறகு எங்கள் ஊரில் அது நின்றுவிட்டது.

இங்கே மஞ்சள் வேன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் ஊரிலிருந்து தினமும் நான்கு தனியார் பள்ளி வேன்கள் குழந்தைகளை ஏற்றிச் செல்கின்றன. ஆங்கில மோகம் என்று மேடைகளில் பேசுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மாணவர் சேர்க்கைக்காக வீடு வீடாகப் போனபோது, ஒரு தாய் என்னிடம், “ஏனுங்க, அந்தப் பள்ளிக்கூடத்துல சாயங்காலம் ஆறரை வரைக்கும் டியூஷன்னு உட்கார வெச்சுக்கிறாங்க, எனக்கு அது போதுமுங்க, இங்கிலீஷ் வந்தா வருது வராட்டிப் போகுது” என்றார். அதே பதிலை வெவ்வேறு சொற்களில் ஐந்தாறு வீடுகளில் கேட்டேன். கைமடி வேலை பார்க்கும் ஒரு பெண் தன் கூலியில் பெரும் பகுதியைப் பள்ளிக் கட்டணமாகக் கட்டுவது, குழந்தையைப் பத்திரமாக வைத்துக்கொள்ள ஓர் இடத்துக்காகத்தான். அரசுப் பள்ளி மாலையில் திறந்திருந்தால் அந்தக் குழந்தைகளில் சிலர் எங்களிடம் வந்திருப்பார்கள். 61 என்ற எண்ணைத் தாண்டியிருப்போம். மூன்றாவது ஆசிரியரும் வந்திருப்பார். மாலை நேரப் பொறுப்பும் பகல் நேரக் கல்வித் தரமும் இப்படி நேரடியாகவே பிணைந்திருக்கின்றன.

58 குழந்தைகளில் 14 பேர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள். இவர்களைப் பற்றி எழுதாமல் இந்தப் பகுதிப் பள்ளியின் நலனைப் பேச முடியாது. இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுவன் சேர்ந்து ஏறக்குறைய ஆறு மாதம் வாயே திறக்கவில்லை. பேச்சு வராத குழந்தையோ என்று ஆசிரியர் கவலைப்பட்டு, பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்ட எண்ணியிருந்தார். அவன் குடியிருக்கும் லைனில் பக்கத்து அறையில் இருக்கும் தமிழ்ச் சிறுமி ஒருத்தி, விளையாடி விளையாடியே இந்தி கற்றுக்கொண்டவள், “டீச்சர், அவன் வீட்ல நிறையப் பேசுவான், இங்க எல்லாரும் சிரிப்பாங்கன்னு பயம்” என்று சொன்ன பிறகுதான் உண்மை தெரிந்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, குழந்தையை அச்சத்திலிருந்தும் பதற்றத்திலிருந்தும் விடுவித்து, தன் கருத்தைத் தயக்கமின்றிச் சொல்ல உதவுவதைக் கல்வியின் இலக்குகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. அந்த வரியை எங்கள் பள்ளியில் நிறைவேற்றியவள் எட்டு வயதுச் சிறுமி. அவளுக்கு அந்தச் சிறுவனோடு பேச நேரம் இருந்தது. பெரியவர்கள் எங்களுக்கு இல்லாமல் போயிற்று. இப்போது அவன் தமிழில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டான் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறேன்.

கழிப்பறை பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. பள்ளியில் பெண் குழந்தைகளுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறது. ஆனால் அதைத் துப்புரவு செய்ய வரும் பெண்மணிக்குக் கொடுக்கப்படும் தொகை சொற்பம். அதுவும் மாதக்கணக்கில் தாமதமாக வருகிறது. அவர் வராத நாளில் கதவைத் திறக்க முடியாது. அப்படிப்பட்ட நாள்களில் பெண் குழந்தைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. வெயில் காலத்தில் தலைவலி என்று வந்து நிற்கும் குழந்தைக்கு மருந்து தேடுவதைவிட, அவள் ஏன் தண்ணீர் பாட்டிலை நிறைத்தபடியே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோகிறாள் என்று பார்த்தால் போதும்.

அடியைப் பற்றி. எங்கள் குழுக் கூட்டத்திலேயே, பிள்ளைகள் படிக்காததற்குக் காரணம் ஆசிரியர்கள் பிரம்பைக் கீழே போட்டதுதான் என்று பேசியவர்கள் உண்டு. அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள் என்ற பழமொழியை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். நான் அந்தப் பிரம்பின்கீழ் படித்தவன். வாய்ப்பாடு ஒப்பிக்கத் தவறியதற்காக விரல் முட்டியில் விழுந்த அடிகளால் எனக்குக் கணக்கு வரவில்லை. அடி வாங்கிய என் வகுப்புத் தோழர்கள் மூன்று பேர் அந்த ஆண்டே மாடு மேய்க்கப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் பின்னாளில் அஞ்சலகத்துக்கு வந்து பணவிடைப் படிவத்தை என்னிடம் நீட்டி நிரப்பித் தரச் சொன்னபோது நான் அடைந்த வெட்கம் இன்றும் இருக்கிறது. உடல்தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தடை செய்தது சரியே. பிரம்புக்குப் பதிலாக வைக்க வேண்டியது குழந்தையின் பக்கத்தில் உட்காரும் நேரம்; அதைத்தான் நாம் இன்னும் வைக்கவில்லை.

நம் பகுதி மக்கள் பள்ளிக்குக் கொடுக்கத் தயங்குகிறவர்கள் அல்லர். 1950களின் பிற்பகுதியில், காமராசர் முதலமைச்சராகவும், பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் கல்வியமைச்சராகவும் இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் மக்களைத் திரட்டின, நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராக இருந்து அதை முன்னின்று நடத்தினார். பெஞ்சு, நாற்காலி, கரும்பலகை, கடிகாரம், நிலம் என்று கொடுத்தவர்களின் பெயர்களை என் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்றும் முன்னாள் மாணவர்கள் எங்கள் பள்ளிக்கு மின்விசிறியும் வண்ணச் சுவர் ஓவியமும் நுழைவாயில் வளைவும் தந்திருக்கிறார்கள். நன்கொடையாளர் பெயர் பொறித்த பலகைகள் வராந்தாவில் வரிசையாக இருக்கின்றன. அவர்களை வணங்குகிறேன். எனினும் பொருளாகக் கொடுப்பது எளிதாகிவிட்ட அளவுக்கு, ஆளாக வந்து ஒரு மாலை உட்காருவதற்கோ, உட்காரும் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பதற்கோ யாரும் முன்வருவதில்லை. நுழைவாயில் வளைவுக்கு ஆன செலவில் இரண்டு பெண்களுக்கு ஓராண்டு முழுவதும் ஊதியம் கொடுத்திருக்கலாம் என்று நான் கூட்டத்தில் சொன்னபோது, வளைவு நிற்கும், சம்பளம் கரைந்துவிடும் என்று பதில் வந்தது.

ஆகவே எங்கள் குழு, சட்டத்தின் 22ஆவது பிரிவு எங்களுக்குக் கொடுத்திருக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கும் பொறுப்பின் கீழ், ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பள்ளி வளாகத்திலேயே மாலை 4.10 முதல் 8.30 வரை குழந்தைகள் இருக்கலாம். காலை உணவு சமைக்கும் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த இருவர் பொறுப்பில் இருப்பார்கள். சுண்டலோ வேர்க்கடலையோ ஒரு கை கொடுக்கப்படும். முதல் ஒரு மணி நேரம் விளையாட்டு, பிறகு வாசிப்பு, களைத்த குழந்தை பாயில் படுத்துத் தூங்கத் தடையில்லை. பெற்றோரோ அவர்கள் எழுதிக் கொடுத்த ஒருவரோ வந்தால் மட்டுமே குழந்தை அனுப்பப்படும். செலவில் ஒரு பகுதியை, எங்கள் ஊரிலிருந்து ஆள் எடுக்கும் இரண்டு கம்பெனிகள் ஏற்க இசைந்திருக்கின்றன. தாய்மார்கள் நிம்மதியாக வேலை பார்ப்பதால் அவர்களுக்கும் பயன் உண்டு என்று அவர்களே சொன்னார்கள். திருப்பூர், பல்லடம், அவிநாசி, சோமனூர் என்று ஷிப்ட் வேலை நடக்கும் பகுதிகளில் உள்ள தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் அரசே இதை ஒரு திட்டமாக்க வேண்டும் என்பதும், அத்தகைய ஊர்களில் குழந்தைகளின் எண்ணிக்கை 60ஐத் தாண்டாவிட்டாலும் மூன்றாவது ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்பதும் தீர்மானத்தின் மற்ற பகுதிகள்.

தீர்மானத்தை உரிய அலுவலகத்துக்கு அனுப்பி இரண்டு மாதங்கள் ஆகின்றன. பள்ளி நேரத்துக்குப் பிறகு வளாகத்தில் குழந்தைகளை வைத்திருக்க எழுத்துவடிவில் அனுமதி வேண்டும் என்றும், அது வரும் வரை 4.30க்கு வாயிலைப் பூட்டியாக வேண்டும் என்றும் தலைமையாசிரியர் சொல்கிறார். அவர் சொல்வது முறைதான். ஏதேனும் நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. அதுவரை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் 19 குழந்தைகளோடு இரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் தினமும் போய் ஒரு மணி நேரம் கதை வாசிக்கிறேன். தறிக்குடோன் பையன் பாதிக் கதையில் தூங்கிவிடுகிறான், நாங்கள் எழுப்புவதில்லை. மண்டபத்துக்கு மூன்று பக்கமும் சுவர் கிடையாது. வடகிழக்குப் பருவ மழை பிடித்துக்கொண்டால் அங்கே குழந்தைகளை உட்கார வைக்க முடியாது. நூறு அடி தூரத்தில் கூரையும் விளக்கும் மின்விசிறியும் கழிப்பறையும் உள்ள பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும். அந்த அனுமதிக் கடிதத்தை மழைக்கு முன்னால் வழங்குமாறு தங்கள் நாளிதழ் வழியாகக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். தீர்மானத்தின் நகலையும், 19 குழந்தைகளின் பெற்றோரும் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதத்தையும் தங்கள் பார்வைக்காக இத்துடன் இணைத்திருக்கிறேன். கையொப்பங்களை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்,
பல்லடம் வட்டாரம், திருப்பூர் மாவட்டம்.